மனநல மருத்துவமனையின் பூட்டைத் திறந்த டாக்டர்: யார் இந்த பசாலியா?

1961. இத்தாலியின் கொரிட்சியா நகர மனநல மருத்துவமனைக்குப் புது இயக்குநராக வந்தார் ஃபிராங்கோ பசாலியா. முதல் நாளே ஒரு பதிவேட்டை நீட்டினார்கள். முந்தைய இரவு யார் யாரைக் கட்டிப்போட்டோம் என்ற பட்டியல். கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

1924-ல் வெனிஸில் பிறந்த பசாலியா, பாசிச எதிர்ப்புக்காக மாணவராக இருந்தபோதே சிறை சென்றவர். அடைபட்டுக் கிடக்கிறது எப்படி இருக்கும்னு அவருக்குத் தெரியும்.

கொரிட்சியாவில் தினமும் கூட்டம் நடந்தது. டாக்டர், நர்ஸ், நோயாளி எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து பேசுவாங்க. பல நாள் கூட்டத்தை நடத்தியதே நோயாளிகள்தான்.

1968-ல் பெரிய அடி. ஒருநாள் அனுமதியில் வீட்டுக்குப் போன நோயாளி, மனைவியைக் கொன்றுவிட்டார். பசாலியா மீதும் வழக்கு பாய்ந்தது, பிறகு விடுதலையானார். கதவை மறுபடி பூட்டச் சொல்ல அதுவே போதுமான காரணம். அவர் பூட்டவில்லை.

1971-ல் ட்ரியெஸ்டே மருத்துவமனைக்கு மாறினார். அங்கே சுமார் 1,200 பேர். 1973-ல் நோயாளிகளும் கலைஞர்களும் சேர்ந்து பிரம்மாண்ட நீலக் குதிரை ஒன்றைச் செய்து நகருக்குள் ஊர்வலம் போனார்கள். அந்த மருத்துவமனையில் துணி வண்டி இழுத்த குதிரையின் பெயரையே அதற்கும் வைத்தார்கள்: மார்க்கோ கவாலோ.

1978 மே 13-ல் வந்தது சட்டம் 180. புதிய மனநல மருத்துவமனைகளுக்குத் தடை. இருப்பவற்றைப் படிப்படியாக மூடி, ஊருக்குள்ளேயே சிகிச்சை மையங்கள் வர வேண்டும்.

மையங்கள் வரத் தாமதமான இடங்களில் சுமை குடும்பங்கள் தலையில் விழுந்தது. அதைச் சரிசெய்ய பசாலியா இல்லை. 1980-ல் மூளைக் கட்டியால் இறந்தபோது அவருக்கு வயது 56. கடைசி மருத்துவமனைகள் மூடப்பட 1990-களின் இறுதி வரை ஆனது.