ஆசிரியர் உரிமைக்கு வாதாடிய அதிபர்

2021 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நாடெங்குமுள்ள ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிக்கொண்டபோது, அப்போராட்டம் நூறு நாட்களைக் கடந்து நீடிக்குமென எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. 1990களின் இறுதியிலிருந்து தீர்க்கப்படாதிருந்த சம்பள முரண்பாடே அதற்குக் காரணமாகும். சிங்கள, தமிழ், முஸ்லிம் ஆசிரியர்கள் ஒரே கோரிக்கையின் கீழ் அணிதிரண்டமை அன்று பலருக்குப் புதுமையாகத் தோன்றியது. ஆனால், வடபுலத்தைச் சேர்ந்த தமிழர் ஒருவர் நாடளாவிய ஆசிரியர் சங்கத்துக்குத் தலைமை வகித்த காலமும் இந்நாட்டில் இருந்தது. அவர் ஹண்டி பேரின்பநாயகம். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வாழும் முதிய ஆசிரியர்கள் சிலருக்கு அவர் இன்றும் ஹண்டி மாஸ்டர்தான். இளைய தலைமுறைக்கோ, மகாத்மா காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர் என்பதற்கு மேல் அவரைப்பற்றி அதிகம் தெரியாது. அவரது வாழ்க்கையின் பெரும்பகுதி வகுப்பறையிலும் ஆசிரியர் சங்கத்திலுமே கழிந்தது என்பதால், அந்தப் பக்கத்தை இங்கு நினைவுகூர விரும்புகின்றோம்.

1899 மார்ச் 29 ஆம் திகதி பிறந்த பேரின்பநாயகம் மானிப்பாயைச் சேர்ந்தவர். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் கற்று, லண்டன் பல்கலைக்கழகப் பட்டதாரியாகி, தாம் கற்ற கல்லூரியிலேயே ஆசிரியரானார். 1924 இல் அவரும் அவரது தோழர்களும் தொடங்கிய மாணவர் காங்கிரஸே பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தது இவ்வமைப்பின் அழைப்பின் பேரிலாகும். 1931 இல் டொனமூர் அரசியலமைப்பு பூரண சுயாட்சியை வழங்கவில்லை என்ற காரணத்தால் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு வாலிபர் காங்கிரஸ் கோரியதும், வடக்கின் நான்கு ஆசனங்கள் வெறுமையாயிருந்ததும் வரலாறு. அப்பகிஷ்கரிப்பு சரியா, பிழையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இங்கு நாம் அதற்குள் செல்லவில்லை.

நமது கவனத்துக்குரியது வேறொன்று. கல்லூரி ஆசிரியராக இருந்துகொண்டே அவரால் பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான அரசியலை வெளிப்படையாக நடத்த முடிந்தது. அதிபர் பிக்னெல் அமெரிக்க மிஷனரியாயிருந்தும் இளைஞர்களின் தேசிய உணர்வை மதித்தவர். அத்தகைய முகாமை எல்லா ஆசிரியர்களுக்கும் வாய்க்கவில்லை.

அக்காலப் பாடசாலை முறையை அறியாதவர்களுக்கு இதனைச் சற்று விளக்க வேண்டும். நாட்டின் பாடசாலைகளில் பெரும்பங்கு உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளாக இருந்தன. கிறிஸ்தவ மிஷன்களும், பௌத்த பிரம்மஞான சங்கமும், சைவ வித்தியா விருத்திச் சங்கமும், முஸ்லிம் கல்வி நிறுவனங்களும் அவற்றை நடத்தின. ஆசிரியரின் சம்பளத்துக்கான பணம் அரசாங்கத்திடமிருந்து வந்தது. அவரை நியமிக்கவும் நீக்கவும் அதிகாரம் முகாமையாளரிடம் இருந்தது. சமயம், சாதி, உறவு, முகாமையாளரின் தனிப்பட்ட விருப்பு வெறுப்பு ஆகிய யாவும் ஓர் ஆசிரியரின் பிழைப்பைத் தீர்மானிக்கக்கூடியனவாக இருந்தன. வேலை போய்விட்டால் அடுத்த பாடசாலையிலும் இடம் கிடைப்பது அரிது. முகாமையாளர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். இவற்றோடு, ஆங்கிலப் பாடசாலை ஆசிரியருக்கும் சுயபாஷைப் பாடசாலை ஆசிரியருக்குமிடையே சம்பளத்திலும் மதிப்பிலும் பெரும் இடைவெளி நிலவியது.

இந்நிலையில் தனியொரு ஆசிரியர் முகாமையாளரோடு வாதாடுவது வீண். 1920 இல் தோற்றம் பெற்ற அகில இலங்கை ஆசிரியர் சங்கத்தின் தேவை இதிலிருந்தே எழுந்தது. மாகாண சங்கங்கள் அதனோடு இணைந்திருந்தன. பாதிக்கப்பட்ட ஆசிரியரின் முறைப்பாட்டை அவரைத் தெரிந்த சகாக்களே முதலில் விசாரித்தனர். முகாமையாளரோடு பேசித் தீராதது மேலே சென்றது. பலருக்கும் பொதுவான குறை ஆண்டு மாநாட்டில் தீர்மானமாகியது. அத்தீர்மானத்தோடு தூதுக்குழு கொழும்பில் கல்வி அதிகாரிகளையும் அமைச்சரையும் சந்தித்தது. ஆணைக்குழு அமைக்கப்பட்டால் சாட்சியமளித்தது. ஊர்வலமும் வேலைநிறுத்தமும் மாத்திரமே தொழிற்சங்கப் பணி என எண்ணுவோர், கோப்புகளோடும் கடிதங்களோடும் நடைபெறும் இந்த ஆரவாரமற்ற வேலையைக் காண்பதில்லை. உறுப்பினர் சந்தா கட்டுவது பெரும்பாலும் இந்த வேலைக்காகவே.

பேரின்பநாயகம் வடமாகாண ஆசிரியர் சங்கத்திலும், பின்னர் அகில இலங்கைச் சங்கத்திலும் தலைமைப் பொறுப்பை வகித்தார். சட்டம் பயின்று சிலகாலம் அத்தொழிலிலும் ஈடுபட்டவராதலால் விதிகளின் நுணுக்கம் அவருக்குக் கைவந்திருந்தது. 1947 பொதுத் தேர்தலில் வட்டுக்கோட்டைத் தொகுதியில் சுயேச்சையாகப் போட்டியிட்டுத் தோல்வியுற்ற அவர், 1949 இல் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானார். 1960 வரை அப்பதவியிலிருந்தார். அதிபர் என்பவர் முகாமையின் பக்கத்தில் நிற்பவர் என்பதே பொதுவான எண்ணம். இவரோ அதிபராயிருந்தவாறே ஆசிரியரின் உரிமையைப் பேசினார். இன்றைய அதிபர்களுள் எத்தனை பேர் அவ்வாறு செய்யத் துணிவர் என்பது ஐயத்துக்குரியது.

சங்கத்தின் வேலை சம்பளத்தோடு முடிவடைவதாகவும் அவர் கருதவில்லை. 1945 இல் கன்னங்கரா நடைமுறைப்படுத்திய இலவசக் கல்வியும், தாய்மொழிவழிக் கல்வியும் அவருக்கு உடன்பாடானவை. தமிழ்ப் பிள்ளைகள் சிங்களத்தையும் சிங்களப் பிள்ளைகள் தமிழையும் கற்க வேண்டும் என்று வாலிபர் காங்கிரஸ் 1920களிலேயே கோரியிருந்தது. 1956 இன் தனிச் சிங்களச் சட்டம் அக்கனவைச் சிதைத்தது. ஆசிரியர்களும் காலப்போக்கில் மொழிவாரியாகவும் சமயவாரியாகவும் கட்சிவாரியாகவும் வெவ்வேறு சங்கங்களுக்குப் பிரிந்தனர். தமிழாசிரியரின் குறையைச் சிங்களத் தலைமை உணரவில்லை என்ற ஆதங்கத்துக்கும், முஸ்லிம் ஆசிரியரின் தனித்த தேவைகளை இரு தரப்புமே பொருட்படுத்தவில்லை என்ற மனக்குறைக்கும் அதில் பங்குண்டு. அவை கற்பனையான குறைகள் என்று நாம் கூறமாட்டோம். ஆயினும், கல்வி அமைச்சின் மேசையில் ஒரு குரலுக்குப் பதிலாகப் பல குரல்கள் ஒலித்தபோது நன்மையடைந்தது அமைச்சே.

1960 இல் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் சட்டம் வந்தது. கல்வி அமைச்சராக இருந்தவர் கம்பளை ஸாஹிராவின் முன்னாள் அதிபர் பதியுதீன் மஹ்மூத். கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுள் புகுந்து அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். பம்பாயிலிருந்து கர்தினால் கிரேஷியஸ் வந்து சமரசம் பேச நேர்ந்தது. கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ற் கல்லூரி போன்றவை தனியார் பாடசாலைகளாகவே இருக்க முடிவு செய்தன. கட்டணம் அறவிட அவற்றுக்கு அனுமதியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சைவ முகாமைகளும் பொறுப்பேற்பை விரும்பவில்லை. தாம் அதிபராயிருந்த கல்லூரியும் முகாமையின் கீழ் இயங்கியதாக இருந்தும், பேரின்பநாயகம் பொறுப்பேற்பை ஆதரித்தவர். ஆசிரியரை முகாமையாளரின் தயவிலிருந்து விடுவிக்க வேறு வழியில்லை என்பது அவரது நிலைப்பாடு. 1961 இல் பேராசிரியர் ஜே. ஈ. ஜயசூரிய தலைமையில் இயங்கிய தேசிய கல்வி ஆணைக்குழுவிலும் அவர் அங்கம் வகித்தார்.

அவர் எதிர்பார்த்தது முழுமையாக நிகழவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சம்பளமும் ஓய்வூதியமும் உறுதியாயின. முகாமையாளர் சீறினால் வேலை போகும் என்ற அச்சம் நீங்கியது. அவ்விடத்தில் இடமாற்றம் எனும் புதிய ஆயுதம் அரசியல்வாதியின் கைக்குச் சென்றது. தேர்தலில் தவறான பக்கம் நின்ற ஆசிரியர் தூரப் பிரதேசத்துக்கு அனுப்பப்படுவது அரசாங்கங்கள் மாறினாலும் மாறாத வழமையாயிற்று. எஜமானர்கள் பலர் இருந்த இடத்தில் ஒரே எஜமானன் வந்ததும், ஆசிரியர் முறையிடச் செல்வதற்கு வேறு வாசல் இருக்கவில்லை. இடமாற்றச் சபைகளில் தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்கு ஆசனம் பெறப்பட்டதெல்லாம் நீண்ட போராட்டங்களுக்குப் பின்னரே. இதனை அவர் முன்கூட்டியே கண்டிருக்க வேண்டும் என்று குறைகூறுவது எளிது. முகாமையாளரின் வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்ற ஆசிரியர்களை நாள்தோறும் கண்டவருக்கு அன்று அரசே அடைக்கலமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

1977 டிசம்பர் 11 ஆம் திகதி அவர் காலமானார். மூன்று ஆண்டுகளின் பின், 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் பங்குகொண்ட அரச ஊழியர்கள் பல்லாயிரக்கணக்கில் வேலை இழந்தனர். அதே ஆண்டில்தான் சாந்தசீலன் கதிர்காமரின் முயற்சியால் பேரின்பநாயகம் நினைவு மலர் வெளிவந்தது. அவரது எழுத்துக்களையும் உரைகளையும் கொண்ட அம்மலர் ஆங்கிலத்தில் அமைந்தது. கிளைச் செயலாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தும் ஆசிரியர் சங்கங்கள், கல்வி பற்றிய பகுதிகளையேனும் தமிழிலும் சிங்களத்திலும் பெயர்த்து அவர்கள் கையில் கொடுக்கலாம்.