சிறுவர்க்கு வாயில் திறந்தவர்

கலைக்கூடம் என்பது கைகட்டி வாய்பொத்திப் பெரியோர் பின்னே நடக்கவேண்டிய இடம் என்றே பிள்ளைகள் பலர் எண்ணுவர். அவ்வெண்ணத்தை மாற்றத் தம் வாழ்நாளை ஈந்தவர் விக்ரர் டமிக்கோ என்னும் ஆசிரியப் பெருந்தகை.

1904ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிற் பிறந்த அன்னார், பள்ளியிற் சித்திரம் கற்பித்தவர். 1937இல் அந்நகரின் நவீன கலை நூதனசாலையிற் கல்விப் பணியை ஏற்று, 1969 வரை நடத்தினார். மாணவரே ஓவியங்களைத் தெரிந்து காட்சிக்கு வைக்கும் இளைஞர் கூடமொன்றை அங்கு அமைத்தார்.

1942இல் தொடங்கிய சிறுவர் கலைவிழாவே அவர் புகழை நிலைநிறுத்தியது. அதன் வாயில், 4 வயதுப் பிள்ளையினதும் 12 வயதுப் பிள்ளையினதும் உருவ விளிம்பாக அமைந்தது. பெற்றோர் புறத்தே நின்றனர். உள்ளே, இயக்கிப் பார்த்து மகிழ்தற்குரிய பொருள்கள் முதலில் இருந்தன. அவற்றை அடுத்து வண்ணமும் தூரிகையும் காத்திருந்தன. கண்டு களித்த பிள்ளை தானே படைக்கத் தொடங்கிற்று. பிறர் படத்தைப் பார்த்து வரைதலையும் பரிசுப் போட்டிகளையும் அவர் விரும்பினாரல்லர்.

1958இல் பிரசல்ஸ் உலகக் கண்காட்சியில் இடம்பெற்ற இவ்விழா, 1963இல் இந்தியச் சிறுவர்க்கு அன்பளிப்பாயிற்று. அன்னார் 1987இல் மறைந்தார்.

மாணவன் கட்டுரையிற் சிவப்பு மையால் தன் சொல்லையே எழுதிவிடும் தமிழாசிரியனாகிய யானும் அவ்வாயிலின் முன் நின்று சிந்திக்கவேண்டியவனே. அழைத்துச் சென்றபின் புறத்தே நிற்றலும் ஆசிரியர் கடனேயாம்.