பூட்ஸுக்காக பாரீஸ் வரை வழக்காடிய புதுவை வக்கீல்

புதுச்சேரியை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம். ஆண்டு 1873.

ஒரு தமிழ் வக்கீல் கோர்ட்டுக்கு வந்தார். அவர் காலில் ஐரோப்பியர் போடுகிற பூட்ஸ் இருந்தது.

வெள்ளைக்காரர் பூட்ஸ் காலோடு கோர்ட்டுக்கு வரலாம்; இந்தியர் வரக்கூடாது. இது அந்தக் காலத்து வழக்கம். ஆகவே, அவரை வாதாட விடாமல் தடுத்தார்கள்.

வேறு ஒருவராக இருந்தால், பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். இவர் கழற்றவில்லை. கடல் கடந்து, பாரீஸில் உள்ள உச்ச நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுபோனார். வெற்றியும் பெற்றார்!

அந்த வக்கீலின் பெயர் பொன்னுத்தம்பிப் பிள்ளை.

பாரீஸில் அவருக்காக வாதாடியவர் ழூல் கொதேன் என்ற பிரெஞ்சு வக்கீல். 1876-ல் பிரெஞ்சு இந்தியாவின் பிரதிநிதியாக பாரீஸ் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் இவரே. ஒரு ஜோடி பூட்ஸ், அரசியலுக்கு வழி திறந்துவிட்டது.

கிராமத்துக்கு வந்த ஓட்டு

அந்த நாளில் புதுவை மக்களுக்கு ஒரு பெரிய உரிமை இருந்தது. 1871 முதல் அவர்கள் பாரீஸ் பாராளுமன்றத்துக்கு ஓட்டுப் போட்டு வந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், வெள்ளையர் ஆண்ட கடலூரில் ஏர் பிடித்த விவசாயிக்கு அப்படி ஓர் உரிமை இல்லை.

1880-ல் பிரெஞ்சு இந்தியாவைக் கொம்யூன்களாகப் பிரித்தார்கள். புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் ஆகிய கொம்யூன்கள் இப்படித்தான் பிறந்தன. ஒவ்வொரு கொம்யூனுக்கும் ஒரு மேயர், ஒரு சபை. வில்லியனூர் தேரடியிலும், பாகூர் ஏரிக்கரையிலும் தேர்தல் பேச்சு கேட்கத் தொடங்கியது.

ஆண்களுக்கு மட்டும்தான் ஓட்டு. பெண்களுக்கு இல்லை. ஓட்டுப் போட்டவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிரெஞ்சு தெரிந்தவர்களோ மிகச் சிலர். சட்டம் எல்லாம் பிரெஞ்சில் இருந்தது. சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதை யாராவது சொல்லித்தான் கிராமத்து ஜனங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சொல்கிறவர் கூட்டிச் சொன்னால்? குறைத்துச் சொன்னால்? அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

1881-ம் ஆண்டுச் சட்டம்

கோர்ட்டில் வென்ற பொன்னுத்தம்பி அதோடு நிற்கவில்லை. பூட்ஸ் போடும் உரிமை மட்டும் போதாது; பிரெஞ்சுக்காரருக்கு உள்ள எல்லா உரிமைகளும் தமிழருக்கும் வேண்டும் என்று எண்ணினார்.

1881-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி பிரெஞ்சு சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பு, கல்யாணம், வாரிசு, சொத்துப் பிரிவினை போன்ற காரியங்களில் இந்தியர்கள் அவரவர் சாதி, மத வழக்கப்படி நடந்து வந்தார்கள். புதுச் சட்டப்படி, விரும்பியவர்கள் அந்த வழக்கத்தை விட்டுவிட்டு, பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

எந்தச் சாதியாரும் சேரலாம். எந்த மதத்தாரும் சேரலாம். ஆணும் சேரலாம், பெண்ணும் சேரலாம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு, ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். கையெழுத்துப் போட்டபின் திரும்ப முடியாது.

இப்படிப் பழைய வழக்கத்தைத் துறந்தவர்களுக்கு ரெனோன்சான்கள் என்று பெயர். முன்னால் நின்று கையெழுத்துப் போட்டவர் பொன்னுத்தம்பி. அவர் எடுத்துக்கொண்ட குடும்பப் பெயர் லா போர்த். பிரெஞ்சு மொழியில் அதற்குக் கதவு என்று பொருள்.

தாழ்த்தப்பட்ட மக்கள் பலர் அந்தக் கதவு வழியே நுழைந்தார்கள். நிலக்காரரை நம்பிப் பிழைத்த குடும்பங்களுக்கு அது சாதாரணக் காரியம் அல்ல. ஊர்ப் பெரியவர்களின் கோபத்துக்கு ஆளாகித்தான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

எதிரே நின்ற முதலியார்

பொன்னுத்தம்பிக்கு எதிராக ஒருவர் நின்றார். அவர் சண்முக வேலாயுத முதலியார். புதுவைத் தேர்தல்களை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் கையில் வைத்திருந்தவர். அபேட்சகர்கள் பெரும்பாலும் பாரீஸில் இருப்பார்கள். இங்கே ஓட்டு வாங்கிக் கொடுப்பவர் முதலியார்.

நம்முடைய பழைய வழக்கங்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர் கொள்கை. அதில் அவருக்கு நியாயம் இருந்தது. அந்நிய ஆட்சியிலும் அவரவர் வழக்கப்படி வாழலாம் என்று பிரெஞ்சு சர்க்காரே 1819-ல் உறுதி கொடுத்திருந்தது. அந்த உறுதி போய்விடுமோ என்று பலர் பயந்தார்கள்.

ஆனால், தேர்தல் வந்ததும் பேச்சு தடித்தது. ரெனோன்சான்கள் மதத்துக்குப் பகைவர்கள், சாதியை அழிக்க வந்தவர்கள் என்று முதலியார் கட்சியார் பேசினார்கள்.

இது உண்மையா? இல்லை. சட்டம் மதத்தைத் தொடவே இல்லை. இந்து இந்துவாகவே இருக்கலாம். முஸ்லிம் முஸ்லிமாகவே இருக்கலாம். கையெழுத்துப் போட விரும்பாதவரை யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை.

எதிர்க் கட்சியாரும் சளைக்கவில்லை. முதலியாருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் எல்லாம் சாதி வெறியர்கள் என்று குற்றம் சாட்டினார்கள். கையெழுத்துப் போட்டால் போதும், வெள்ளைக்காரருக்குச் சமமாகிவிடலாம் என்ற ஆசையும் ஊட்டப்பட்டது.

இது உண்மையா? இதுவும் இல்லை. பழைய வழக்கப்படி வாழ நினைத்தவர் எல்லாரும் சாதி வெறியர் அல்லர். கையெழுத்துப் போட்டவர்களுக்குச் சமத்துவம் உடனே கிடைத்துவிடவும் இல்லை.

மூன்று பட்டியல்

உள்ளூர்ச் சபைத் தேர்தல்களில் ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், இந்தியருக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாக இருந்தன. ரெனோன்சான்கள் ஐரோப்பியர் பட்டியலில் இடம் கேட்டார்கள். ஐரோப்பியர் எதிர்த்தார்கள். 1884-ல் சர்க்கார் ஒரு தந்திரம் செய்தது. ரெனோன்சான்களுக்கு என்று மூன்றாவது பட்டியல் ஒன்றை உண்டாக்கியது!

பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களை பிரெஞ்சுக்காரரே பக்கத்தில் சேர்க்கவில்லை. பொன்னுத்தம்பி திறந்த கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு இருந்தது. அது சாத்தியிருந்தது.

தமிழர்கள் ஒருவரை ஒருவர் மத விரோதி என்றும் சாதி வெறியர் என்றும் ஏசிக்கொண்டிருந்தபோது, மிகச் சிலரான ஐரோப்பியர் தனிப் பட்டியலோடு சுகமாக இருந்தார்கள். இதை இரண்டு கட்சியாரும் மேடையில் சொல்லியிருக்கலாம். ஆனால், பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டுவதுதான் ஓட்டு வாங்கச் சுலபமான வழியாக இருந்தது.

சொல்லோடு சண்டை முடியவில்லை. தடி தூக்கினார்கள். ஓட்டுச் சாவடிகளில் கலகம் நடந்தது. போடாத ஓட்டுகளும் எண்ணப்பட்டன. புதுவைத் தேர்தல் என்றாலே அடிதடி என்ற கெட்ட பெயர் பல ஆண்டுகள் நிலைத்துவிட்டது.

1899-ல் மூன்றாவது பட்டியல் எடுக்கப்பட்டது. ரெனோன்சான்களில் பெரும்பாலோர் மற்ற இந்தியரோடு ஒரே பட்டியலுக்குத் திரும்பினார்கள். யாரைப் பகைவர் என்று ஏசினார்களோ, அவர்களோடு ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். தனிப் பட்டியல் முறை அடியோடு ஒழிய 1945 ஆயிற்று.

எது நின்றது?

அப்படியானால் பொன்னுத்தம்பி தோற்றாரா? இல்லை.

ரெனோன்சான் குடும்பங்களின் பிள்ளைகள் பிரெஞ்சு படித்தார்கள். சைகோன் முதலிய ஊர்களுக்குப் போய் சர்க்கார் வேலை பார்த்தார்கள். பிரெஞ்சுக் குடிமக்கள் என்று சொல்லி, வெள்ளைக்காரருக்குச் சமமான சம்பளம் கேட்டுப் போராடினார்கள். தாத்தா காலத்தில் வயலில் கூலிக்கு உழைத்த வீடுகளுக்கு இது பெரிய ஏற்றம். பிரெஞ்சுக் குடும்பப் பெயர் கொண்ட தமிழ்க் குடும்பங்கள் புதுவையில் இன்றும் உண்டு.

முதலியாரின் பயமும் நடக்கவில்லை. கோயில்கள் இருந்தன. தேர்கள் ஓடின. வில்லியனூர் திருக்காமேசுவரர் கோயில் தேரை பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடிக்கும் வழக்கம் இருந்தது. மதத்தை யாரும் அழிக்கவில்லை.

மதம் போய்விடும் என்றார்கள், போகவில்லை. உடனே சமமாகிவிடலாம் என்றார்கள், ஆகவில்லை. நடந்தது இரண்டுக்கும் நடுவில். அந்த நடு உண்மை, 1881-ம் ஆண்டுச் சட்டத்திலேயே அச்சிட்டு இருந்தது. படித்துச் சொல்ல ஆள் இல்லாததால், கூச்சல் போட்டவர்கள் சொன்னதே சட்டமாகிவிட்டது.

கோர்ட்டில் பொன்னுத்தம்பி வென்றதற்குக் காரணம், அவர் சட்டத்தைப் படித்திருந்தார். தேர்தலில் ஜனங்கள் ஏமாந்ததற்குக் காரணம், அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. இன்று வில்லியனூரிலும் பாகூரிலும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. தேர்தல் நேரத்தில் ஒருவரை மத விரோதி என்றோ, சாதி வெறியர் என்றோ யாராவது சொன்னால், அவர் செய்தது என்ன, சட்டத்தில் இருப்பது என்ன என்று கேட்டுப் பார்க்கலாம். படித்தும் பார்க்கலாம்.