விளக்கேந்திய கைகள் தேடிய தூய நீர்



கையில் விளக்கேந்திய செவிலியராகவே ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலை நாம் அறிவோம். பெண்களின் மாண்புக்காக அவர் செய்த தொண்டு அதிகம் பேசப்படுவதில்லை.

1820 மே 12 அன்று இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில், வசதிமிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். நோயாளர் பணியே இறைவன் தமக்குத் தந்த அழைத்தல் என்று நம்பி, குடும்பத்தாரின் எதிர்ப்பையும் மீறி அதை ஏற்றார். கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 செவிலியருடன் துருக்கியின் ஸ்குட்டாரி இராணுவ மருத்துவமனைக்கு வந்தார். அவர்களுள் இலண்டன் பெர்மன்ட்சி மடத்து இரக்கத்தின் அருள்சகோதரிகளும் இருந்தனர். அவர்களின் தலைவி அன்னை மேரி கிளேர் மூர், ஆங்கிலிக்கன் சபையினரான நைட்டிங்கேலுக்கு வாழ்நாள் தோழியானார்.

அம்மருத்துவமனையின் நிலவறையில் படைவீரர்களின் மனைவியரும் கைம்பெண்களும் காற்றும் வெளிச்சமுமின்றி அடைந்து கிடந்தனர். பிள்ளைப்பேறும் அங்கேதான். சாக்கடை உடைந்து காய்ச்சல் பரவியது. நைட்டிங்கேல் ஆறுதல் சொல்வதோடு நின்றுவிடவில்லை. வெளியே ஒரு வீட்டைக் கேட்டுப் பெற்றுச் சுத்தம் செய்தார். வெந்நீர்க் கொப்பரைகள் வைத்துச் சலவைக்கூடம் தொடங்கினார். அப்பெண்களில் பலர் நோயாளரின் துணிகளை வெளுத்துக் கூலி பெற்றனர்.

1855 மார்ச்சில் வந்த சுகாதார ஆணையத்தினர் சாக்கடைகளைக் கழுவி, குடிநீர் வரும் வழியைச் சீர்செய்து, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தனர். பிப்ரவரியில் நோயாளர் 100 பேருக்கு 42ஆக இருந்த இறப்பு, ஜூனில் ஏறக்குறைய 2ஆகக் குறைந்தது. அன்பான பணிவிடையோடு தூய நீரும் வடிகாலும் வேண்டும் என்ற இந்தப் பாடத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

இந்தியாவுக்கு அவர் வந்ததேயில்லை. ஆயினும் நம் கிராமங்களின் குடிநீர், வடிகால் பற்றிப் பல ஆண்டுகள் எழுதினார். 1892இல் இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷையரில், பயிற்சி பெற்ற பெண்கள் வீடுதேடிச் சென்று தாய்மாருக்கு நலவாழ்வு கற்பிக்க வழிசெய்தார். அதே முறையை இந்தியக் கிராமங்களுக்கும் பரிந்துரைத்தார். 1910 ஆகஸ்டு 13 அன்று இறைவனடி சேர்ந்தார்.

பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணை, கூட்டத்தின் நடுவே மகளாக ஏற்றுக்கொண்டார் நம் ஆண்டவர். நாமோ மாதவிடாயை இன்னும் தீட்டு என்று ஒதுக்குகிறோம். நம் பங்குப் பள்ளியின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா? மாணவியர் துணி மாற்றவும், பயன்படுத்திய நாப்கினைப் போடவும் இடம் உண்டா? அடுத்த பங்குப்பேரவைக் கூட்டத்தில் இவற்றைக் கூச்சமின்றிக் கேட்போம். நம் மகள்களின் மாண்பைக் காப்பதும் இறைப்பணியே.