27 வயதில் ஒரு தொடக்கம்

இரண்டாம் ஆண்டின் நடுவில் துறை மாறப் போவதாக வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். வின்சென்ட் வான் கோவின் வீட்டார் அப்படிப்பட்ட செய்தியை ஐந்து முறை கேட்டார்கள்!

1853 மார்ச் 30 அன்று, நெதர்லாந்தின் சுண்டர்ட் என்ற சிற்றூரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர் வின்சென்ட். 16 வயதில், பெரியப்பாவின் செல்வாக்கால் ஹேக் நகரிலிருந்த கூப்பில் ஓவிய விற்பனை நிறுவனத்தில் வேலை கிடைத்தது. லண்டன், பாரிஸ் கிளைகளிலும் பணியாற்றினார். ஆனால், கலையைச் சரக்காக விற்பது நாளடைவில் கசந்தது. 1876இல் அந்த வேலை போயிற்று.

பிறகு இங்கிலாந்தில் உதவி ஆசிரியர். டோர்ட்ரெக்டில் புத்தகக் கடைச் சிப்பந்தி. ஆம்ஸ்டர்டாமில் இறையியல் படிப்புக்கான ஆயத்தம். எதிலும் மனம் ஒன்றவில்லை.

1879இல் பெல்ஜியத்தின் போரினாஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் சமயப் போதகரானார். தம் உடைகளைத் தொழிலாளர்களுக்குக் கொடுத்துவிட்டுக் குடிசையில் வாழ்ந்தார். போதகருக்கு இது அழகன்று எனக் கருதிய சபையினர், ஆறு மாதத்துக்குப் பின் நியமனத்தை நீட்டிக்கவில்லை. மகனுக்கு மனநலச் சிகிச்சை தேவையென்று எண்ணிய தந்தை, மனநோயாளிகளைப் பராமரித்த ஹேல் என்ற ஊருக்கு அவரை அனுப்பவும் முயன்றார்.

அந்த இருண்ட நாள்களில்தான், 1880இல், ஓவியராவது என்று வின்சென்ட் முடிவெடுத்தார். வயது 27. வரையக் கற்றுத்தர ஆளில்லை. பயிற்சி ஏடுகளைப் பார்த்துத் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்த ஏடுகளைப் பதிப்பித்ததும் கூப்பில் நிறுவனமே! தம்பி தியோவும் அங்குதான் வேலை பார்த்தார். அவர் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் அனுப்பிய பணம்தான் அண்ணனுக்குச் சோறும் வண்ணமும் ஆயிற்று. வின்சென்டை வெளியே அனுப்பிய நிறுவனமே, ஒரு வகையில், அவரைக் காத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

பிடித்த வேலை நோயைத் தீர்த்துவிட்டதா? இல்லை. 1888 டிசம்பரில், ஆர்ல் நகரில் நோய் முற்றித் தம் காதையே அறுத்துக்கொண்டார். 1889 மே மாதம் தாமாகவே சான் ரெமி மனநலக் காப்பகத்தில் சேர்ந்தார். அங்கே ஒருமுறை நோய் தாக்கியபோது வண்ணத்தை விழுங்க முயன்றதால், மருத்துவர் வண்ணம் தீட்டத் தடைவிதித்தார். வேலையே தமக்கு மருந்து என்று நம்பிய வின்சென்டை நோயைவிட அத்தடை அதிகம் வாட்டியது. மன்றாடித் தூரிகையைத் திரும்பப் பெற்றார். அங்கிருந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 150 ஓவியங்கள். நட்சத்திர இரவும் அவற்றுள் ஒன்று.

1890 ஜூலை 29 அன்று, ஓவேர் என்ற ஊரில் துப்பாக்கிக் காயத்தால் இறந்தார். வயது 37. பத்தே ஆண்டுகளில் 800க்கும் மேற்பட்ட எண்ணெய் வண்ண ஓவியங்கள்! ஆறு மாதத்தில் தியோவும் மறைந்தார். அந்த ஓவியங்களையும் கடிதங்களையும் உலகறியச் செய்தவர் தியோவின் மனைவி யோஹன்னா. 1914இல் அவர் கடிதங்களை நூலாக்கினார்; அதே ஆண்டு, கணவரின் உடலை ஓவேருக்குக் கொண்டுவந்து அண்ணனின் பக்கத்தில் அடக்கம் செய்வித்தார்.