கல்லா, கட்டியா? தொட்டுப் பார்த்தே கணித்த டாக்டர்!

மஞ்சள் காமாலை. பித்தநாளத்தை அடைத்திருப்பது கல்லா, புற்றுநோய்க் கட்டியா? திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தொடங்கி எங்கும் மாணவர்கள் இதற்குப் படிப்பது ‘கூர்வாசியே விதி’.

லுட்விக் கூர்வாசியே, 1843-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பிறந்த சர்ஜன். எக்ஸ்ரேகூட வராத 1890-ல், பித்தநாள அடைப்பு உள்ள 187 பேரின் விவரங்களை அலசினார். கல் அடைத்த 87 பேரில் 17 பேருக்குத்தான் பித்தப்பை வீங்கியிருந்தது. வேறு காரணம் உள்ள 100 பேரில் 92 பேருக்கு வீக்கம்!

ஏன்? கல்லால் அடிக்கடி புண்பட்ட பை இறுகிச் சுருங்கிடும். அதனால், காமாலையோடு வீங்கிய பித்தப்பை வலியில்லாமல் கைக்குத் தட்டுப்பட்டால், கல்லாக இருக்க வாய்ப்பு கம்மி.

பித்தநாளத்தைத் திறந்து கல் எடுத்த முன்னோடிகளில் ஒருவரான அவர், 1918-ல் மறைந்தார். அந்த 17 பேர் மாதிரி விதிவிலக்கும் உண்டு என்பதால், இப்போ ஸ்கேன் பார்த்துத்தான் உறுதி செய்றாங்க. பெரும்பாலும் எண்டோஸ்கோப்பியிலேயே கல்லை எடுத்துடுறாங்க.