உடம்பின் கணக்கும் ஸ்வாமி சிவானந்தரும்



சென்ற மண்டலகாலத்தில் சாஸ்தா ப்ரீதி போஜனத்துக்கு உட்கார்ந்தபோது என் வரிசையில் இருந்தவர்களைக் கவனித்தேன். எட்டுப் பேரில் ஐந்து பேர், இலையில் சாதம் விழுமுன்பே மடியிலிருந்து சர்க்கரை மாத்திரையை எடுத்து விழுங்கினார்கள். பிறகு பிரதமனை இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டார்கள். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த ஐவரில் நானும் ஒருவன்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்வாமி சிவானந்தரின் ஞாபகம் வந்தது. ரிஷிகேசத்து மகானாக அவரை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் அவர் ஒரு டாக்டர். நோய் வந்தபின் பார்ப்பதைவிட வராமல் காப்பதே மேல் என்று இளவயதிலேயே எழுதத் தொடங்கியவர். அந்தப் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் என்று தோன்றியது.

அவர் 1887ஆம் வருஷம் செப்டம்பர் 8ஆம் தேதி திருநெல்வேலிச் சீமையில், பாய்க்குப் பெயர்போன பத்தமடையில் பிறந்தார். பூர்வாசிரமப் பெயர் குப்புஸ்வாமி. தந்தையார் வெங்கு ஐயர், தாயார் பார்வதி அம்மாள். அப்பைய தீக்ஷிதர் வந்த வம்சம். எட்டயபுரத்தில் பள்ளிப்படிப்பு, திருச்சியில் கல்லூரி. சிறு வயதிலேயே தேகப்பயிற்சியில் மிகுந்த ஆர்வம் உள்ளவர். வாள்வீச்சு கற்றுக்கொள்ள ஓர் ஆசிரியரிடம் போனார். அவர் தாழ்த்தப்பட்ட குலத்தைச் சேர்ந்தவர் என்பதால், பிராமணப் பிள்ளை அவரிடம் சிஷ்யனாக இருப்பது தகாது என்று பெரியவர்கள் தடுத்தார்கள். குப்புஸ்வாமி பழம், புஷ்பம், வஸ்திரம், தக்ஷிணை எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு அந்த ஆசிரியர் வீட்டுக்கே போய், மாலையிட்டு நமஸ்காரம் செய்துவிட்டு வந்தார். வித்தை யாரிடமிருந்து வந்தாலும் குரு குருதான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

1905இல் தஞ்சாவூரில் வைத்தியப் படிப்பில் சேர்ந்தார். விடுமுறை நாட்களில் மற்ற மாணவர்கள் ஊருக்குப் போய்விட, இவர் ஆஸ்பத்திரியிலேயே இருந்து வேலை கற்றுக்கொண்டார். 1909இல் திருச்சியிலிருந்து 'அம்ப்ரோஸியா' என்ற வைத்திய மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். அம்ப்ரோஸியா என்றால் அமிர்தம். தாயார் கொடுத்த நூறு ரூபாய்தான் அதற்கு உதவியது. ஆங்கிலத்தில் வந்த அந்தப் பத்திரிகையின் நோக்கம், டாக்டருக்குத் தெரிந்தது சாதாரண ஜனங்களுக்கும் தெரிய வேண்டும் என்பதே.

விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் அந்தக் காலத்தை எண்ணிப் பார்க்கிறேன். 1909இல் பென்சிலின் கிடையாது. இன்சுலின் கிடையாது. டொராண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921இல்தான். பெரிய வியாதி ஒன்று வந்துவிட்டால் டாக்டர் கையில் இருந்தது மிகவும் கொஞ்சம். சுத்தமான தண்ணீர், அளவான ஆகாரம், தூக்கம், தேகப்பயிற்சி இவைதான் ஜனங்களின் கையில் இருந்த பலமான ஆயுதங்கள்.

1913இல் அவர் கப்பலேறி மலேயாவுக்குப் போனார். ஆசாரமான குடும்பம், கப்பல் சாப்பாட்டைத் தொட மனமில்லை. தாயார் பிரியமாகச் செய்து கொடுத்த இனிப்புப் பட்சணங்களையே வழி முழுவதும் சாப்பிட்டுக்கொண்டு போனார். சிங்கப்பூரில் இறங்கும்போது பாதி உயிர்தான் மிச்சம். இதைப் பிற்காலத்தில் அவரே தம் சரிதத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பலகாரம் எவ்வளவு பக்தியுடன் செய்யப்பட்டதானாலும் வயிற்றுக்கு அது பலகாரம்தான் என்பதை இதைவிட நன்றாக யாரும் நமக்குச் சொல்ல முடியாது.

சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் ஏழு வருஷமும், பிறகு ஜொகூரில் மூன்று வருஷமும் வேலை பார்த்தார். தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள். அவர்களை அதிகம் கொன்றது மலேரியா. அதைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்திருந்தார். 1901 முதல் கிள்ளான் நகரில் மால்கம் வாட்ஸன் என்ற டாக்டர், தேங்கிய நீரை வடிகால் வெட்டி வெளியேற்றி மலேரியாவைக் குறைத்துக் காட்டியிருந்தார். வருமுன் காப்பது எவ்வளவு பலன் தரும் என்பதற்கு அந்தத் தேசமே கண்கண்ட சாக்ஷி.

டாக்டர் குப்புஸ்வாமி அங்கே ஏழைகளிடம் பணம் வாங்காமல் வைத்தியம் பார்த்தார். இரவில் நோயாளிக்குப் பக்கத்தில் கண்விழித்திருந்தார். சிங்கப்பூர்ப் பத்திரிகையில் பொதுச் சுகாதாரம் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். வீட்டு வைத்தியம், பழங்களும் ஆரோக்கியமும், நோய்களுக்குத் தமிழ்ப் பெயர்கள், பொதுச் சுகாதாரம் பற்றிய பதினான்கு சொற்பொழிவுகள் என்று புத்தகங்களும் எழுதினார். லண்டனில் இருந்த பொதுச் சுகாதார நிறுவனங்களில் அங்கத்தினராகவும் இருந்தார்.

1923இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியாவுக்குத் திரும்பினார். 1924 ஜூன் 1ஆம் தேதி ரிஷிகேசத்தில் ஸ்வாமி விஸ்வானந்த ஸரஸ்வதியிடம் ஸந்நியாஸம் பெற்றார். ஆனால் டாக்டர் எங்கும் போய்விடவில்லை. 1927இல், பழைய இன்ஷூரன்ஸ் பாலிஸியிலிருந்து வந்த பணத்தைக் கொண்டு லக்ஷ்மண் ஜூலாவில் தர்ம வைத்தியசாலை திறந்தார். 1936இல் தெய்வீக வாழ்க்கை சங்கத்தை நிறுவினார். 1945இல் ஆசிரமத்தில் ஆயுர்வேத மருந்துசாலையும் வந்தது.

இனி என்னைப் பற்றி இரண்டு வரி. உத்தியோக காலம் முழுவதும் பிறருடைய கணக்கைச் சரிபார்ப்பதே என் வேலை. ஒரு ரூபாய் இடித்தாலும் ஃபைலைத் திருப்பி அனுப்புவேன். என் உடம்பின் கணக்கை மட்டும் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற மறுவருஷம் கண் மங்கலாகி டாக்டரிடம் போனபோதுதான், சர்க்கரை பல வருஷமாகவே இருந்திருக்கிறது என்று தெரிந்தது. கண்ணுக்கு லேஸர் சிகிச்சை செய்யவேண்டி வந்தது. அதில் யார் மேலும் பிழை இல்லை. பரிசோதிக்காமல் இருந்தவன் நான்தான்.

அந்த நாட்களில் பேத்தி என்னை நெய்யாறு அணைக்கு அழைத்துப் போனாள். நம் திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். அங்கே சிவானந்தரின் சிஷ்யரும் கேரளத்தில் பிறந்தவருமான ஸ்வாமி விஷ்ணுதேவானந்தர் 1978இல் அமைத்த ஆசிரமம் இருக்கிறது. 1957இல் குருவின் ஆக்ஞைப்படி மேல்நாடு சென்றவர் அவர். சரியான பயிற்சி, சரியான சுவாசம், சரியான ஓய்வு, சரியான ஆகாரம், நல்ல சிந்தனையும் தியானமும் என்று குருவின் உபதேசத்தை ஐந்தாகச் சுருக்கி உலகமெங்கும் பரப்பினார். அன்று அங்கே வெளிநாட்டுக்காரர்கள் விடியற்காலையில் ஜபம் செய்துகொண்டிருந்தார்கள். அக்ரஹாரத்தில் வளர்ந்த நான், எட்டு மணிக்கு எழுந்து பழகியவன், தலை குனிந்து நின்றேன்.

என்னை மிகவும் ஈர்த்தது சிவானந்தர் வகுத்துக் கொடுத்த ஸாதனா டைரி. ஒரு மாதத்துக்கு ஒரு தாள், தேதிவாரியாகக் கட்டங்கள். எத்தனை மணிக்கு எழுந்தேன், எத்தனை மணி நேரம் தூங்கினேன், ஆசனமும் பிராணாயாமமும் தேகப்பயிற்சியும் எவ்வளவு நேரம், எத்தனை மாலை ஜபம், எத்தனை பொய், எத்தனை முறை கோபம், வீண் பேச்சில் எத்தனை மணி, எப்போது படுத்தேன் என்று தனக்குத் தானே பதில் எழுத வேண்டும். சிஷ்யர்கள் மாத முடிவில் அதை ரிஷிகேசத்துக்கு அனுப்பினால் அவர் பார்த்துச் சொல்வார். ஆனால் எழுதுகிறவனும் தணிக்கை செய்கிறவனும் முதலில் ஒருவனே. கணக்கு உத்தியோகம் பார்த்தவனுக்கு இதைவிடப் புரியும் உபதேசம் வேறு இல்லை.

இத்தனை சொல்லிக்கொடுத்த ஸ்வாமிக்கே நீரிழிவும் இடுப்பு வலியும் இருந்தன. இதை மறைத்துச் சொல்வது அவருக்கு மரியாதை ஆகாது. சிலர் இதைக் கேட்டதும், அப்படியானால் ஆசனத்தால் என்ன பயன் என்பார்கள். நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். பிறப்பு, வம்சம், வயது இவை நம் கையில் இல்லை. அன்றாடம் நடந்துகொள்ளும் விதம் மட்டுமே நம் கையில் இருக்கிறது. அவர் வியாதியோடும் எழுதினார், சேவை செய்தார், 1950இல் இந்தியாவும் இலங்கையும் சுற்றி வந்தார். 1963 ஜூலை 14ஆம் தேதி, தமது 75ஆம் வயதில் மஹாஸமாதி அடைந்தார். ஆகவே நோய் வந்தவரைப் பார்த்து ஒழுங்காக இருக்கவில்லை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. மாத்திரையை நிறுத்தவும் அவர் வாழ்க்கை சொல்லவில்லை.

இந்த ஆசனம் இந்த வியாதியைத் தீர்க்கும் என்று அவர் நூல்களில் உள்ளவை எல்லாம் இன்றைய சோதனையில் நிற்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அடிப்படை நிற்கிறது. சர்க்கரை வரும் அபாயத்தில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆராய்ச்சி 2002இல் வெளிவந்தது. உணவும் நடையும் சீரானதில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மாத்திரையில் 31 சதவீதம்தான். 2006இல் வெளிவந்த சென்னை ஆராய்ச்சியில் பழக்கவழக்க மாற்றத்தால் 28.5 சதவீதம் குறைவு. நம் திருவனந்தபுரம் ஜில்லாவிலேயே 1007 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2018இல் வந்தது. இரண்டு வருஷத்தில் பயிற்சி பெற்ற குழுவில் நூற்றுக்கு 14.9 பேருக்கும், மற்றக் குழுவில் 17.1 பேருக்கும் சர்க்கரை வந்தது. இந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதி சொல்லப் போதாது. அதாவது கூடிப் பேசுவதும் கேட்பதும் மட்டும் போதாது; வீட்டுக்குப் போய் தினமும் செய்ய வேண்டியவன் அவனவனே.

அங்கத்தினர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். ஒரு சாதாரண நோட்டு வாங்குங்கள். எழுந்த நேரம், நடந்த தூரம், சாப்பிட்ட இனிப்பு, தூங்கிய மணி, கோபம் என்று ஐந்து கட்டம் போடுங்கள். முப்பது வயதானவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ரத்தமும் ரத்த அழுத்தமும் பார்த்து அதையும் எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். பொய் மட்டும் எழுதவேண்டாம்.

என் நோட்டில் சாஸ்தா ப்ரீதி அன்றைய கட்டத்தில் பிரதமன் இரண்டு கரண்டி என்று இருக்கிறது. மறுநாள் கட்டத்தில் மியூசியம் வளாகத்தை வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகம் நடந்ததாக இருக்கிறது. அடுத்த வருஷம் ஒரு கரண்டி என்று எழுத பகவான் புத்தி கொடுக்கட்டும்.